எட்டாம் நாள் பின்னேரம் கையில் தந்துவிட்டு, 'கியூஏ தாமதம்'

அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அஜைல் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறோம், கியூஏ தான் ஸ்பிரிண்டை இழுத்துப் பிடிக்கிறது" என்று ஒரு வரி, கீழே கைதட்டல் எமோஜி வரிசை. அஜைல் என்றால் மென்பொருளைச் சின்னத் துண்டுகளாகச் செய்து கொடுக்கும் முறை, ஸ்பிரிண்ட் அதில் ஒரு சுற்று, கியூஏ என்றால் சோதித்துப் பார்க்கும் நாங்கள். மருதானையிலிருந்து கோட்டை வரைக்கும் உள்ள டெக் லீட்மார் (டெவலப்பர் குழுத் தலைவர்கள்) முழுப்பேரும் வந்து லைக் போட்டது போல இருந்தது. ஆளின் பெயர் இங்கே வேண்டாம். விஷயத்தைக் கதைப்போம்.

டெஸ்டிங் தாமதமாவதில்லை. டெஸ்டிங்குக்கு வேலை தாமதமாக வருகிறது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் விளங்காதவர் அஜைல் பற்றிப் பதிவு போடலாம், தடையில்லை. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் போடலாம்.

இரண்டு கிழமை ஸ்பிரிண்ட் என்றால் 10 வேலைநாள். இடையில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் 9. போயா இல்லை என்றே வைப்போம். திட்டமிடலுக்கு முதல் நாள் காலை போகும், முடித்ததைக் காட்டும் ரிவியூவுக்கும் வேலை எப்படிப் போனது என்று கதைக்கும் ரெட்ரோவுக்கும் கடைசி நாள் பின்னேரம் போகும். எட்டாம் நாள் பின்னேரம் வரை வேலைப் பலகையின் 'டெஸ்டிங்' நிரலில் ஒரு ஸ்டோரியும் (தனி வேலைத் துண்டு) இருக்காது. பிறகு ஆறு ஸ்டோரி ஒரேயடியாகப் பொதுக் கோட்டில் மெர்ஜ் ஆகும். ஒன்பதாம் நாள் காலை ஸ்டேஜிங்கில் (சோதிக்கும் சேர்வரில்) பில்ட் எழும்பாது. யாரோ டேட்டாபேஸை மாற்றும் மைக்ரேஷன் ஸ்கிரிப்டைக் கொமிட் பண்ண மறந்திருப்பார், அல்லது புதிய கொன்ஃபிக் கீ அவருடைய லப்டொப்பில் மட்டும் இருக்கும். அதைச் சரிக்கட்ட மத்தியானம் ஆகிவிடும். இனி மிச்சம் ஒரேயொரு நாள். கையால் ஓட்டும் ரிக்ரெஷன் (பழையது ஏதும் உடைந்ததா என்ற சோதனை) 240 கேஸ், ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலும் 20 மணித்தியாலம், அதாவது இரண்டரை வேலைநாள். அதற்குள் ஒரு பக் (பிழை) திருத்தி வந்தால் அந்தப் பகுதியை மறுபடி முதலில் இருந்து.

இது அஜைலா? எல்லாம் எழுதி முடித்துக் கடைசியில் சோதிக்கும் பழைய வாட்டர்ஃபோலை இரண்டு கிழமைக்குள் மடித்து வைத்து, முன்னால் 15 நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டம் ஒன்றை ஒட்டியிருக்கிறீர்கள்.

"ஸ்க்ரம் கைடில் டெஸ்டர் என்ற பதவியே இல்லையே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மைதான். ஸ்க்ரம் என்ற அஜைல் முறையின் அந்தக் கைடில், 2020 பதிப்பில் புரொடக்ட் ஓனர் (எதைச் செய்வது என்று தீர்மானிப்பவர்), ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள், இவ்வளவுதான். டெக் லீட்டும் அதில் இல்லை. அவர் கதிரையை யாரும் தூக்கச் சொல்லவில்லையே? அதே கைடில், ஸ்பிரிண்ட் நடக்கும்போது தரம் குறையக்கூடாது என்றும் இருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை.

"விரிவான ஆவணத்தை விட இயங்கும் மென்பொருள்" என்ற 2001 அஜைல் அறிக்கை வரியையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது இயங்குகிறது என்று பார்த்துச் சொன்னது யார்?

உதாரணம் இல்லாமல் கதைத்தால் புலம்பல் என்பார்கள். இலங்கை அடையாள அட்டை எண்ணை எடுங்கள். பதிவுப் படிவத்தில் எண்ணைப் போட்டால் பிறந்த திகதி தானாக வரவேண்டும், சின்ன ஸ்டோரி. பழைய எண் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதோடு 500. இதுவரைக்கும் எல்லா டெவலப்பருக்கும் தெரியும். ஆனால் அந்த நாள் கணக்கில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். 1985 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் எண் 85561 என்று தொடங்கும். நிரல்மொழி தரும் சாதாரணத் திகதிச் செயற்பாட்டில் 61 ஐப் போட்டால் மார்ச் 2 என்று வரும். ஜனவரியில் பிறந்தவரின் எண்ணை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் பச்சை, அதாவது சரி. லீப் வருடக்காரரை வைத்துச் சோதித்தாலும் பச்சை.

இதைத் திட்டமிடலுக்கு முன்பே பிடிக்கலாம். புரொடக்ட் ஓனர், எழுதப் போகிறவர், டெஸ்டர் மூவரும் அரை மணித்தியாலம் இருந்து, "ஜனவரி ஆண், மார்ச் பெண், லீப் வருடம், 12 இலக்கம், கடைசி எழுத்து சின்ன v" என்று ஐந்து உதாரணத்தை ஸ்டோரியிலேயே எழுதினால் போதும். அந்த ஐந்தும் யூனிட் டெஸ்டாக (கோட்டின் ஒரு சின்னப் பகுதியைத் தானாகச் சோதிப்பது) போய்விடும், மில்லிசெக்கனில் ஓடும். ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தாலோ, "கியூஏ கடைசி நேரத்தில் பக் போடுகிறது." நாங்கள் போடுகிறோமாம்!

மற்றது, ஸ்டோரியை இரண்டு நாளில் முடியக்கூடியதாக வெட்டுங்கள். 'டெஸ்டிங்' நிரலில் மூன்றுக்கு மேல் நிற்கக்கூடாது என்று எல்லை வையுங்கள். நிரம்பினால் டெவலப்பர் புதிய ஸ்டோரி தொடங்காமல், நிற்கும் ஒன்றைச் சோதிக்க வரவேண்டும். இங்கேதான் முகம் சுருங்கும். "முழு டீமும் தரத்துக்குப் பொறுப்பு" என்று சுவரில் ஒட்டத் தெரியும், சக ஆளின் ஸ்டோரியை ஒரு மணித்தியாலம் சோதிக்கக் கூச்சம்.

"எல்லாத்தையும் ஒட்டோமேட் பண்ணினால் முடிந்தது" என்பவர்களுக்கு ஒரு பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த 240 ஐக் கையால் ஓட்டுவது மடத்தனம்தான். ஆனால் பெரும்பகுதி யூனிட்டிலும் ஏபிஐயிலும் (திரைக்குப் பின்னால் புரோகிராம்கள் கதைக்கும் வழி) இருக்கவேண்டும், திரை வழியாக ஓடுவது கொஞ்சம். நம் இடங்களில் தலைகீழ். எல்லாம் பிரவுசரை ஆள்போல இயக்கும் செலீனியத்தில், பட்டன் வரும்வரை காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டு 5 செக்கன் தூக்கம், எல்லாக் கேஸுக்கும் ஒரே டெஸ்ட் பயனர். ஒரு கேஸ் அந்தப் பயனரின் பாஸ்வேர்டை மாற்றினால் அடுத்த பத்தும் சிவப்பு. இரண்டு கிழமையில் எல்லாரும் சிவப்பைப் பார்த்துவிட்டு "அது அப்படித்தான், திரும்ப ஓட்டு" என்பார்கள். பிறகு அந்த ஒட்டோமேஷன் இருந்தென்ன, விட்டென்ன.

"கிளையன்ட் கடைசியில் மாற்றுகிறார்" என்பதற்குப் பதில் சொல்லவும் மனமில்லை. மாறும் என்பதற்குத்தானே அஜைல்.

"நீ கியூஏ, அதனால்தான் கியூஏக்குக் கதைக்கிறாய்" என்றும் வரும். வரட்டும். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "இது எப்படித் தப்பியது?" என்ற கேள்வி யாருடைய பெயரை டேக் பண்ணி வருகிறது? எழுதியவரையா, கோட் ரிவியூவில் கண்ணை மூடி அப்ரூவ் பண்ணியவரையா? "இது எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டதை ஒருநாளும் காணவில்லை.  

பதிவு போட்ட அண்ணைக்கு ஒரேயொரு வேலை. வேலைகளைப் பதியும் ஜிராவைத் திறந்து, போன ஸ்பிரிண்டில் ஒவ்வொரு ஸ்டோரியும் எத்தனையாம் நாள் 'டெஸ்டிங்' நிரலுக்கு வந்தது என்று ஹிஸ்டரியில் பாருங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அதே பதிவின் கீழே போடுங்கள்.