பயிற்சிப் பொறுப்பு ஓரங்கட்டல் இல்லை

"படையில ஒரு அதிகாரியை அடிப்படைப் பயிற்சிக்குப் பொறுப்பாப் போட்டா ஓரங்கட்டிட்டாங்கள் எண்டு அர்த்தம், பிறகு பதவி உயர்வே இல்லை" எண்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திருகோணமலையில, டொக்யார்ட் எண்ட கடற்படைத் தளத்துக்குள்ளேயே பயிற்சிக் கல்லூரி இருக்கிற ஊரில, இப்பிடிப் பேச்சு கேட்கிறதுதான். ஆனா பிழை.

அமெரிக்க இராணுவத்தின்ர மார்க் ஹெர்ட்லிங்கைப் பாருங்கோ. வட ஈராக்கில ஒரு டிவிஷனை, அதாவது பெரிய படைப்பிரிவை, நடத்தினவர், 2009இல தரைப்படையின்ர ஆரம்பப் பயிற்சிக்குப் பொறுப்பானார். புதுசா வாற பிள்ளையளின்ர உடற்பயிற்சியில இருந்து சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் மாத்தினார். 2011இல ஐரோப்பாவில உள்ள அமெரிக்கத் தரைப்படைக்கே தளபதி! எல்லாருக்கும் அப்பிடி அமையாது, உண்மைதான்.

இன்னொண்டு: மைதானத்தில சத்தம் போட்டு வேலை வாங்கிறது சார்ஜன்ட்மார். பாடத்திட்டத்துக்கும், பிள்ளையளுக்குப் படுற காயத்துக்கும், பயிற்றுநரின்ர நடத்தைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்தான் மேலே இருக்கிற அதிகாரி.