முப்பது கச்சான் கணக்கு

இலங்கையில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் ஒருமுறை நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பயணிகள் இறங்கிக் கச்சான் (வேர்க்கடலை) வாங்குவார்கள். பிள்ளையாருக்கு அடுத்தபடியாக அந்த இடத்தில் பெயர் பெற்றது கச்சான்தான். (வாகனம் உண்மையில் இரண்டில் எதற்காக நிற்கிறது என்று நான் ஆராய்ந்ததில்லை. தெய்வக் குற்றம் வரும்.)

அங்கே மணற்சட்டியில் கச்சான் வறுத்து விற்கிறவர் மலர். மகள் தரம் 10 படிக்கிறாள். "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று அவள் ஒருநாள் வாய் தவறிச் சொன்ன பிறகு, கணிதக் கொப்பி பின்னேரங்களில் கடைக்கு வந்துவிடுகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்கிற கந்தையாவும் வந்துவிடுகிறார். கடன் கொப்பியில் அவருடைய பெயர் இருக்கிறது. கணிதக் கொப்பியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது.

மலர்: வாருங்கள் அண்ணை. இன்றைக்கு நல்ல கணக்கு. ஒரு வயலில் 6 பேர் 8 நாட்களில் களை பிடுங்கி முடிப்பார்கள். அதே வேலையை 12 பேர் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்?

கந்தையா: யாருடைய வயல்?

மலர்: அது கொப்பியில் இல்லை.

கந்தையா: அதுதானே முக்கியம். மத்தியானம் சோறு கொடுக்கிற வீட்டு வயல் என்றால் நான்கு நாள். வெறும் தேத்தண்ணீர் என்றால் பத்து நாள்.

மலர்: நான்கு என்று எழுதுகிறேன். மொத்தம் 48 மனித நாட்கள். அதைப் பன்னிரண்டால் பிரித்தால் நான்கு.

கந்தையா: அப்படியென்றால் 48 பேர் வந்தால் ஒரே நாளா?

மலர்: ஆமாம்.

கந்தையா: 48 பேர் ஒரே நாளில் என் வயலுக்குள் இறங்கினால் களை தப்பிவிடும், பிள்ளை. பயிர்தான் தப்பாது.

மலர்: அடுத்தது தண்ணீர்த் தொட்டி. மேலே உள்ள குழாய் வெறும் தொட்டியை 4 மணித்தியாலத்தில் நிரப்பும். அடியில் உள்ள குழாய் நிரம்பிய தொட்டியை 6 மணித்தியாலத்தில் வெறுமையாக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால்...

கந்தையா: (எழுந்து நிற்கிறார்) அடிக் குழாயை யார் திறந்தது?

மலர்: இருங்கள் அண்ணை. கணக்குக்காகத்தான்.

கந்தையா: கணக்குக்காக என்றாலும் திறக்கலாமா? இரணைமடுவில் 36 அடி தண்ணீர் சேர்வதற்குள் எத்தனை தரம் வானத்தைப் பார்க்கிறோம். கோடைச் சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து, அங்கே சண்டை பிடித்து, வீட்டுக்கு வந்தும் சண்டை பிடித்து... இங்கே ஒருவன் நிரப்பிக்கொண்டே துருசுக் கதவையும் திறந்து வைத்திருக்கிறான்! மடையைத் திறந்தவன் மடையன்தான்.

மலர்: நிரம்புமா, நிரம்பாதா? அதைச் சொல்லுங்கள்.

கந்தையா: (அமர்ந்துகொண்டே) நிரம்பும். 12 மணித்தியாலம்.

மலர்: எப்படி அண்ணை? மகள் பின்னம் போட்டு, அழித்து, திரும்பவும் போட்டு, அரைப் பக்கம் கிழிந்தே போயிருக்கிறது.

கந்தையா: பின்னம் எதற்கு? பன்னிரண்டு மணித்தியாலத்தை எடு. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தொட்டி என்றால் மேல் குழாய் மூன்று தொட்டித் தண்ணீர் விடும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தொட்டி என்றால் கீழ்க் குழாய் இரண்டு தொட்டியைக் குடித்துவிடும். மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஒன்று. தொட்டி நிரம்பிவிட்டது.

மலர்: ஏன் பன்னிரண்டை எடுத்தீர்கள்?

கந்தையா: ஒருவனுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர், பக்கத்து வயல்காரனுக்கு ஆறு நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள். இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் மண்வெட்டியோடு சந்திப்பது பன்னிரண்டாம் நாள்.

மலர்: பொ.ம.சி., பொது மடங்குகளுட் சிறியது என்று மகள் சொல்வது இதைத்தானா?

கந்தையா: பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டாம் நாளைத் தெரியும்.

(எனக்குப் பொ.ம.சி. படிப்பித்த ஆசிரியர் கரும்பலகை நிறைய எண்களை எழுதினார். ஒரு மண்வெட்டியைக்கூடக் காட்டவில்லை. காட்டியிருந்தால் கணிதத்தில் நான் இப்படி ஆகியிருக்கமாட்டேன்.)

மலர்: உங்களை நம்பி எழுதுகிறேன். போன கிழமை பலாப்பழத்திலும் இப்படித்தான் நம்பினேன்.

கந்தையா: அது என் கணக்கு இல்லை. கணக்கதிகாரம்! பழைய தமிழ்க் கணக்கு நூல். காம்பைச் சுற்றியிருக்கிற சிறுமுள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் பிரி. பழத்தை வெட்டாமலே சுளையைச் சொல்லிவிடலாம்.

மலர்: முள் 50. உங்கள் கணக்குப்படி சுளை 60. வெட்டி எண்ணியபோது 51.

கந்தையா: அந்தக் காலத்துப் பழம் வேறு, பிள்ளை.

மலர்: வெட்டியவர் நீங்கள். எண்ணியவள் நான். இடையில் ஒரு பஸ் வந்து நின்றதால் கச்சான் கொடுக்கப் போனேன்.

கந்தையா: (தொண்டையைச் செருமி) அடுத்த கணக்கு என்ன?

மலர்: கொப்பியில் முடிந்துவிட்டது. இனி என் வயிற்றெரிச்சல் கணக்கு. காலையில் ஒரு வானில் மூன்று பேர் வந்து, ஆளுக்கு ஆயிரம் போட்டு 3,000 ரூபாவுக்குக் கச்சான் வாங்கினார்கள். அங்கால் போன பிறகு பார்த்தால், நான் பைக்கற்றுகளைப் பிழையாக எண்ணியிருக்கிறேன். 2,500 தான் வரும். தங்கச்சியின் மகனிடம் ஐந்து நூறு ரூபாத் தாள்களைக் கொடுத்து, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வா என்றேன். அவன் 200ஐத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆளுக்கு 100 கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

கந்தையா: ஐந்து தாளை மூன்று பேருக்குப் பிரிக்க முடியாதுதானே.

மலர்: அதையேதான் அவனும் சொன்னான்! வெருட்டிய பிறகு 200ஐத் தந்துவிட்டான். அது உண்டியலுக்குப் போகட்டும், வான் இந்நேரம் கொழும்புக்கே போயிருக்கும். ஆனால் கேளுங்கள். ஆயிரம் போட்டு நூறு திரும்பி வந்தால், ஆளுக்கு 900. மூன்று பேருக்கு 2,700. இவன் எடுத்தது 200. மொத்தம் 2,900. மிச்சம் நூறு எங்கே?

கந்தையா: (வாயைத் திறந்து, மூடுகிறார்.)

மலர்: மணற்சட்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யச் சொன்னேன். பொய்ச் சத்தியமும் செய்துவிட்டான்!

(அடுப்புக்குப் பின்னால் பெடியன் நிற்கிறான். காற்சட்டைப் பைகள் இரண்டும் ஆட்டுக்குட்டியின் காதுகள் மாதிரி வெளியே தொங்குகின்றன.)

கந்தையா: காசுக் கணக்கை வாயால் பார்க்கக் கூடாது, கையால் பார்க்கவேண்டும். முப்பது கச்சான் எண்ணி எடு. கோதோடு. ஒரு கச்சான் நூறு ரூபா.

மலர்: ஒன்று நூறு ரூபாவா?

கந்தையா: ஒன்று நூறுதான்.

(வாங்குப் பலகையில் பத்துப் பத்தாக மூன்று குவியல். கந்தையா மூன்றையும் வழித்து ஒரு பால்மாத் தகரத்துக்குள் போடுகிறார்.)

கந்தையா: தகரம் நீ. உன்னிடம் முப்பது வந்தது. ஐந்தைப் பெடியனிடம் கொடுத்தாய், மிச்சம் 25. இந்தச் சிரட்டை பெடியன், அவனிடம் 2. வான்காரர்களுக்குத் திரும்பிப் போனது 3. கூட்டு.

மலர்: முப்பது... இதில் சரியாகத்தான் வருகிறது. என் கணக்கில் மட்டும் ஏன் குறைகிறது?

கந்தையா: அவர்கள் கையை விட்டுப் போனது 27. அந்த 27 எங்கே கிடக்கிறது? 25 தகரத்தில், 2 சிரட்டையில். பெடியனின் இரண்டும் ஏற்கெனவே 27க்குள் நிற்கிறது. நீ அதை இழுத்துவந்து திரும்பவும் 27ஓடு கூட்டுகிறாய். ஒரே மாட்டை இரண்டு தரம் பட்டிக்குள் அடைத்துவிட்டு, மாடு குறைகிறது என்று கத்துகிறாய். முப்பது வேண்டுமென்றால் 27ஓடு திரும்பிப் போன மூன்றைக் கூட்டு.

மலர்: (விரல்களை மடக்கி விரிக்கிறார். உதடுகள் அசைகின்றன.) அப்படியென்றால் அவன் செய்த சத்தியம்...

கந்தையா: உண்மைச் சத்தியம். பையை உள்ளே தள்ளடா தம்பி.

மலர்: இருங்கள். நானே ஒருமுறை எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கு நித்திரை வரும். சிரட்டையில் இரண்டு. வாங்கில் மூன்று. (தகரத்தைக் கவிழ்க்கிறார்) ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு. அண்ணை! 24 தான் இருக்கிறது! நான் சொன்னேனே, ஒரு நூறு குறைகிறது!

கந்தையா: (பதில் இல்லை. தாடை மட்டும் மெல்ல அசைகிறது.)

மலர்: உங்கள் சாரத்தில் ஒட்டியிருப்பது என்ன?

கந்தையா: (கோதைத் தட்டிவிட்டு) வறுவல் பதமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கச்சான்தானே, பிள்ளை.

மலர்: (கடன் கொப்பியை விரித்து) கந்தையா அண்ணை... நூறு ரூபா.

கந்தையா: ஒரு கச்சானுக்கா?

மலர்: விலை சொன்னது நீங்கள்தான்.