வரிச் சண்டை பழையது, வேலியில் கை வைத்தது புதியது

"இது வெறும் வரிப் பிரச்சினை, இரண்டு பேரும் உட்கார்ந்து கதைத்தால் முடிந்துவிடும்." கனடா–அமெரிக்கா விஷயத்தில் இப்படிச் சொல்பவர்கள் என் நண்பர்களுக்குள்ளேயே நிறைய இருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

வரிச் சண்டை இந்த இரண்டு நாடுகளுக்கும் புதிதே அல்ல. கட்டட மரத்தை வைத்து 1982இல் தொடங்கிய வழக்கு இன்னும் இழுபடுகிறது. 1971இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் இறக்குமதிக்குப் பத்து வீதம் மேல்வரி போட்டார். கனடாவுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. 2003இல் ஈராக் போருக்கு வரமாட்டோம் என்று கனடாப் பிரதமர் ஜான் கிரெச்சியன் சொன்னபோது வாஷிங்டனுக்குக் கோபம் வந்தது, பிறகு ஆறியது. இதெல்லாம் எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதால் வரும் வேலிச் சண்டை. பக்கத்துக் காணிக்காரருக்குள் அது வரும், போகும். "இந்த வேலியே சும்மா போட்டது, உன் காணியும் என்னுடையதுதான்" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அது வேலிச் சண்டையா?

ட்ரம்ப் சொன்னது அதைத்தான். 2025 ஜனவரி 7ஆம் திகதி, பதவியேற்க முன்பே, கனடாவைச் சேர்த்துக்கொள்ளப் பொருளாதார பலத்தைப் பயன்படுத்துவேன் என்றார். எல்லையைச் செயற்கையாக வரைந்த கோடு என்றார். அதே நாளில்தான் லாஸ் ஏஞ்சலிஸில் பெருந்தீ மூண்டது. அந்தத் தீயை அணைக்கப் பறந்தவற்றில் கனடாவின் கியூபெக் மாகாணத்து மஞ்சள் விமானங்களும் உண்டு. கடலில் தாழப் பறந்து ஆறாயிரம் லீற்றர் அளவு தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் நெருப்பில் கொட்டும் விமானங்கள். 1994 முதல் ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆண்டும் கலிபோர்னியாவுக்குப் போய் வருகின்றன. எவனோ பறக்கவிட்ட ட்ரோன் மோதி அவற்றில் ஒன்றின் இறக்கையில் ஓட்டை விழுந்தது. திருத்திவிட்டு மறுபடியும் பறக்கவிட்டார்கள். இந்த உறவு உண்மையில் இப்படித்தான் இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பத்தாயிரம் பேர் அளவே இருந்த காண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்கள் இறங்கின. வந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடங்களையும் வீடுகளையும் திறந்துவிட்டுச் சோறு போட்டது அந்த ஊர்.

ஸ்டான்ஸ்டெட் நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. கியூபெக்கும் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலமும் சந்திக்கும் இடத்தில், மார்த்தா ஹாஸ்கெல் என்ற பெண்மணியும் அவர் மகனும் இரண்டு ஊர்ச் சனமும் வந்து போகட்டும் என்று, வேண்டுமென்றே எல்லைக் கோட்டின் மேல் கட்டிக்கொடுத்தது. நூறாண்டு தாண்டிவிட்டது. தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடும், அதுதான் எல்லை. புத்தகங்கள் பெரும்பாலும் கனடாப் பக்கம், முன்வாசல் அமெரிக்காப் பக்கம். கனடாக்காரர் நடைபாதையால் நடந்துபோய் அந்த வாசலால் நுழைந்து புத்தகம் எடுத்து வந்தார்கள், கடவுச்சீட்டை நீட்டத் தேவை இருக்கவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அந்த வழியை மூடப்போவதாக அறிவித்தார்கள். நூலகத்தார் காசு சேர்த்து, கனடாப் பக்கம் இருந்த அவசர வழியை வாசலாக்கும் வேலையில் இறங்கினார்கள். புத்தகம் எடுக்க வந்த கிழவியால் யாருக்கு என்ன ஆபத்து? கனடாச் சாமான்களுக்கு அமெரிக்கா போட்ட இருபத்தைந்து வீத வரியை விட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது.

அதனால்தான் சாமான் புறக்கணிப்பைச் சிறுபிள்ளைத்தனம் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மார்ச் 4ஆம் திகதி ஒன்ராறியோ அரசின் மதுக்கடைகள் அமெரிக்கப் போத்தல்களைத் தட்டுகளிலிருந்து இறக்கின. மரக்கறிக் கடையில் சனம் தோடம்பழப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புளோரிடா என்றால் வைத்துவிட்டு மொரோக்கோப் பழத்தை எடுத்தது. சனத்துக்கு யாரும் உத்தரவு போடவில்லை. சொந்த நாட்டை இன்னொருவர் தன் நாட்டு மாநிலம் என்று கூப்பிடும்போது சாதாரண சனத்தின் கையில் இருக்கும் ஒரே பதில் அது.

ஆனால் ஹொக்கி விளையாட்டரங்கில் அமெரிக்க தேசிய கீதத்துக்குக் கூச்சல் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தமிழ்ச் சனத்தில் எத்தனையோ பேர் அமெரிக்க எல்லை நகரான பஃபலோ வழியாகத்தான் கனடாவுக்குள் வந்தார்கள். அங்கே இருக்க இடமும் உண்ண உணவும் கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள்தான். அப்புறம், பொயின்ட் ரொபேர்ட்ஸ் என்று ஒரு ஊர். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது, ஆனால் தரைவழியாகப் போவதென்றால் கனடாவுக்குள்ளால்தான் போக வேண்டும். அந்த ஊர்க் கடைகள் கனடாக்காரரை நம்பியே இருக்கின்றன. கனடாக்காரர் போகாமல் விட்டதில் முதலில் அடிபட்டது வெள்ளை மாளிகை அல்ல, அந்தக் கடைக்காரர்கள்.

பழைய உறவு முடிந்துவிட்டது என்று கனடாப் பிரதமர் மார்க் கார்னி 2025 மார்ச்சில் சொன்னார். நான் அதை அப்படியே நம்புகிறேன். ஏற்றுமதியில் முக்கால் பங்கை ஒரே வாடிக்கையாளருக்கு விற்றுக்கொண்டு நிமிர்ந்து பேச முடியாது. வின்சர் கார்த் தொழிலாளிக்கும் ஹமில்ரன் உருக்குத் தொழிலாளிக்கும் இந்த மாற்றம் எவ்வளவு வலிக்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அவர்களுக்கு அரசு நீண்ட காலம் தோள் கொடுக்க வேண்டும். ஓரிரு மாத உதவித்தொகை போதாது.

கனடா–அமெரிக்கா–மெக்சிகோ வர்த்தக உடன்படிக்கை 2026 ஜூலையில் மறுபரிசீலனைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மேசையில் பாலையும் மரத்தையும் காரையும் பேசட்டும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் சரி. தண்ணீரை மட்டும் அதில் வைக்கக்கூடாது. எல்லை நீர்நிலைகளை இரண்டு நாடும் சேர்ந்து பார்த்துக்கொள்ள 1909இலேயே ஒப்பந்தம் போட்டு, கூட்டு ஆணைக்குழுவும் அமைத்தார்கள். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் ஓடும் கொலம்பியா ஆற்றுக்கு 1964இலிருந்து தனி ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சை 2025இல் நிறுத்திவைத்தது அமெரிக்கா. கனடாவிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்துவிடும் பெரிய குழாய் என்று ட்ரம்ப் அதற்கு முந்தைய ஆண்டே பேசியிருந்தார். அந்த ஆற்றை வரிப் பேரத்தில் ஒரு துருப்புச் சீட்டாகக் கொண்டுவந்து வைத்தால், எங்கள் ஆட்கள் அந்த மேசையை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.