ஆட்டோவா, அதிர்வேட்டா?

200 சிசி சொச்சம் எஞ்சின். அதற்கு எதற்கய்யா ரேஸ் காரின் உறுமல்? எங்கள் தெரு ஆட்டோ அண்ணன் சைலன்சருக்குள் இருந்த தடுப்புகளை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் ஓர் அகலக் குழாயைப் பற்றவைத்திருக்கிறார். வெல்டிங் வைத்த இடம் கரடுமுரடாக, அதற்குள் துருவும் ஏறிவிட்டது. கேட்டால் "பிக்கப் ஏறும் சார்" என்கிறார். எங்கே ஏறியது? மேம்பாலத்தில் இன்னமும் ஸ்கூட்டிகள் முந்திக்கொண்டுதான் போகின்றன. எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைத் தொடாமல் புகை போகும் வழியை மட்டும் திறந்துவிட்டால் எஞ்சின் சூடாகும், ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். அந்த வெடிதான் அவருக்குப் பெருமையே!

விடியற்காலை 5 மணிக்கு லீவரை இழுத்தால் தெரு நாய்கள் எழுகின்றன, எதிர்வீட்டுக் கைக்குழந்தை எழுகிறது, நிறுத்தி வைத்த கார்கூட அலாரம் அடித்து அழுகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றனவாம். நல்ல நகைச்சுவை. வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போது மட்டும் பழைய சைலன்சர் பரணிலிருந்து இறங்கும். மறுநாளே மறுபடி பரண்.

சரி, சவாரியாவது ஏறித் தொலைப்போம் என்றால், எங்கே இறங்க வேண்டும் என்பதைத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. அண்ணன் திரும்பிப் பார்த்து முறைக்கிறார்: "எதுக்கு சார் இப்படிக் கத்துறீங்க?"