ஆறரை மணிக்காரரும் அழிவரசனின் மகனும்

முதல் போட்டியிலேயே தோற்றுப்போன ஒரு பதினெட்டு வயசுப் பையனைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். நேரில் இல்லை, ஒரு ராத்திரி மொபைலில். பையன் பெயர் டைச்சி ஹஷிமோட்டோ. வீடியோவை நண்பனுக்கு அனுப்பி, "அப்பாவின் ஒரு தொடை கனம்கூட இருக்க மாட்டான் போல" என்று எழுதினேன். அவனும் சிரிக்கிற பொம்மை நாலைப் போட்டான். அவ்வளவுதான், தூங்கப் போய்விட்டோம்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். ஜப்பான் மல்யுத்தம் பிடிக்காதவர்கள் இப்போதே நழுவிவிடலாம்.

முதலில் அப்பா. ஷின்யா ஹஷிமோட்டோ, 1965இல் கிஃபு மாநிலத்தில் பிறந்தவர். நியூ ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தில் கெய்ஜி முட்டோ, மசஹிரோ சோனோ, இவர் என்று மூன்று பேரும் ஒரே வருடம், 1984இல், களமிறங்கினார்கள். பின்னாளில் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' என்று அந்த மூவருக்கும் பெயர். முட்டோ அழகன். சோனோ கறுப்புக் கண்ணாடி போட்ட ஸ்டைல்காரர். ஹஷிமோட்டோவோ நெற்றியில் வெள்ளைப் பட்டையும் முன்னால் தள்ளிய வயிறுமாக, 130 கிலோவுக்கு மேல் கனத்த மனிதர். பார்த்தால் விளையாட்டு வீரர் என்றே சொல்ல மாட்டீர்கள். ஆனால் அந்தக் கால் எழும்பி எதிராளியின் நெஞ்சில் விழும்போது வரும் சத்தம் இருக்கிறதே, ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி இருக்கும். ரசிகர்கள் வைத்த பட்டம் 'ஹகாய்-ஓ', அழிவின் அரசன். நியூ ஜப்பானின் உச்சப் பட்டமான ஐ.டபிள்யூ.ஜி.பி. ஹெவிவெயிட் பட்டத்தை மூன்று முறை வென்று, மொத்தம் 20 தடவை தக்கவைத்துக்கொண்டார். 1996 ஏப்ரலில் டோக்கியோ டோம் அரங்கில் நொபுஹிக்கோ தகாடாவை வீழ்த்தி எடுத்த பட்டம் 489 நாள் அவரிடமே இருந்தது.

ஆனால் அவர்மேல் ஜப்பான்காரர்களுக்கு இருந்த பாசம் இந்த எண்களால் வந்தது இல்லை என்பது என் கருத்து. அது அவர் தோற்றதால் வந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெள்ளி வாங்கிய நவோயா ஒகாவா மல்யுத்தத்துக்கு வந்தார். 1999 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் இருவரும் மோதியபோது, இந்தச் சண்டைகளில் வழக்கமாக முன்கூட்டியே பேசி வைப்பதை எல்லாம் ஒகாவா தூக்கி எறிந்துவிட்டு நிஜமாகவே அடிக்கிறார் என்றே பார்த்தவர்களுக்குத் தோன்றியது. அதில் எவ்வளவு திட்டம், எவ்வளவு நிஜம் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் அழிவின் அரசன் அன்று அத்தனை பேர் முன்னால் அடிவாங்கி நின்றார். 2000 ஏப்ரல் 7இல் மறுபடி மோதல். இந்த முறை தோற்றால் ஓய்வு என்று சொல்லிவிட்டு இறங்கினார். வீட்டுக்கு வீடு டிவியில் நேரலை. தோற்றார், சொன்னபடி விலகினார். திரும்பி வரச் சொல்லி ரசிகர்கள் காகிதக் கொக்குகள் மடித்து அனுப்பினார்கள். அக்டோபரில் திரும்பினார். வருடம் முடிவதற்குள் நியூ ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2001இல் ஜீரோ-ஒன் என்று சொந்த நிறுவனம் ஆரம்பித்தார். 2005 ஜூலை 11 அன்று யோகோஹாமாவில், மூளையில் ரத்தக் கசிவால் இறந்தபோது வயது 40.

மகனுக்கு அப்போது 13.

இனி அந்த வீடியோ. 2011 மார்ச் 6, ரியோகொகு கொகுகிகான். சுமோவுக்கென்று கட்டிய பெரிய அரங்கம். ஜீரோ-ஒன்னின் பத்தாம் ஆண்டு விழா. டைச்சியின் அறிமுகப் போட்டியில் எதிரே நின்றது யார் தெரியுமா? சோனோ. அப்பாவின் கூட்டாளி. அதே மாதம் முட்டோவோடும் ஒரு போட்டி. முதல் மாதத்திலேயே இரண்டு பெரியப்பாக்களிடமும் அடிவாங்கியாகிவிட்டது.

ரசிகர்களுக்கு அது கண்கலங்கும் காட்சி. எனக்கு இப்போது யோசித்தால் கோபம்தான் வருகிறது. அப்பா எப்படி ஆரம்பித்தார் என்று பாருங்கள். 1984 செப்டம்பரில் இறங்கியபோது அவர் யாரோ ஒரு பையன். பயிற்சிக்கூடத்தில் மூத்தவர்களுக்குத் துணி துவைத்து, முதுகு தேய்த்து, எல்லோருக்கும் சாங்கோ குழம்பு சமைத்துப் போட்டு, கூட்டம் இன்னும் இருக்கையில் உட்காராத நேரத்தில் சண்டை போட்டு வளர வேண்டும் என்பதே அங்கே இளசுகளுக்கு விதி. பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். கனடாவின் கால்கரியில் 'ஹஷிஃப் கான்' என்று ஒரு வேஷம். 1989 ஏப்ரலில் டோக்கியோ டோமில் ரிக்கி சோஷுவை வீழ்த்தியபோதுதான் ஜப்பான் அவரைத் திரும்பிப் பார்த்தது. நாலரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நாலரை வருஷத்தில் அவர் எத்தனை முறை தப்பாகக் காலை வீசியிருப்பார், எத்தனை முறை மூச்சு வாங்கி நின்றிருப்பார்? பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் மறந்திருப்பார்கள். மகனுக்கு அந்த மறதி கிடைக்கவில்லை. முதல் நாள் தடுமாற்றமே காலத்துக்கும் வீடியோவாக நிற்கிறது. என்னைப் போன்ற ஒருவன் ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்துச் சிரிக்க முடிகிறது.

'ஓயா நோ நானாஹிகாரி' என்று ஜப்பானில் ஒரு வழக்கு உண்டு. பெற்றவர்களின் ஏழு மடங்கு ஒளி. அந்த வெளிச்சத்தில் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று இளக்காரமாகச் சொல்வார்கள். ஏழு மடங்கு வெளிச்சத்தை நேராக முகத்தில் அடித்தால் கண் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "அதெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்த சண்டைதானே, அதில் என்ன வாரிசுக்குக் கஷ்டம், ஜெயிக்க வைத்துவிடலாமே" என்று யாராவது கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கிரிக்கெட் வீரரின் மகன் ஒரு சதம் அடித்துவிட்டால் வாயை மூடிவிடலாம், ஸ்கோர் பேசும். மல்யுத்தத்தில் ஜெயிப்பது எதையும் நிரூபிக்காது. வாரிசுக்குச் சீக்கிரம் பட்டம் கொடுத்தால், "அப்பா பெயருக்காகக் கொடுத்துவிட்டார்கள்" என்று அரங்கம் முணுமுணுக்கும். கொடுக்காவிட்டால், "இவனால் முடியவில்லை" என்பார்கள். அவன் அடித்தது வலித்தது என்று உட்கார்ந்திருப்பவர் நம்ப வேண்டும், அவன் அடிவாங்கும்போது அவர் பல்லைக் கடிக்க வேண்டும். இதை எந்த நிறுவனமும் எழுதிக் கொடுக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான வழியில் போன ஒருவர் உண்டு. மிட்சுவோ மொமோட்டா. இவருடைய அப்பா ரிக்கிடோசான், ஜப்பானில் இந்தத் தொழிலையே நிலைநாட்டியவர். 1963 மே மாதம் அவர் டெஸ்ட்ராயர் என்ற அமெரிக்க முகமூடி வீரரோடு மோதியதை டிவியில் பார்த்தவர்கள் அளவு 64 சதவீதம். அதே வருடம் டிசம்பரில் ஒரு இரவு விடுதியில் கத்திக்குத்து வாங்கி, ஒரே வாரத்தில் இறந்தார். மிட்சுவோவுக்கு அப்போது வயது 15. 1970இல் அவரும் மல்யுத்தத்துக்கு வந்தார். ஆனால் மேலே ஏறவில்லை, ஏற்றவும் இல்லை. அப்பாவின் சீடரான ஜெயன்ட் பாபாவின் நிறுவனத்தில் வருஷக்கணக்காக முதல் போட்டி ஆடினார். நிகழ்ச்சி சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்கும், அதனால் அவருக்குப் பெயரே 'ஆறரை மணிக்காரர்'. 1989இல், 40 வயதில், உலக ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் கொஞ்ச காலம் அவரிடம் இருந்தது. அப்புறம் மறுபடி ஆறரை மணி. வயதான காலத்தில் ரஷர் கிமுராவோடு சேர்ந்து சிரிக்க வைக்கும் போட்டிகள்.

இதைச் சிலர் தோல்வி என்பார்கள். ஜப்பானில் மல்யுத்தத்தின் கடவுள் மாதிரி இருந்தவரின் பிள்ளை, ஜனங்கள் வந்து உட்காரும் நேரத்தில் சண்டை போடுவதா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, தினமும் ஆறரைக்கு வந்து, கூட்டத்தைச் சூடாக்கிவிட்டுப் போவதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். ஆனால் இதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. டைச்சிக்கு ஆசை பெரியது.

2014இல் அப்பாவின் நிறுவன வழியை விட்டு நியூ ஜப்பானை ஆரம்பித்த அன்டோனியோ இனோக்கியின் இன்னொரு நிறுவனமான ஐ.ஜி.எஃப்.புக்குப் போனார். 1999இல் ஒகாவாவுக்குப் பின்னால் இருந்தவரே இனோக்கிதான். அப்பாவை அடிக்க ஆள் வளர்த்தவரின் வீட்டில் போய்ப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்த கதை. (மல்யுத்தத்தில் இதெல்லாம் சகஜம். ஒகாவாவும் ஹஷிமோட்டோவுமே பின்னால் ஜோடி சேர்ந்து ஆடியவர்கள்.) அங்கே அவர் பெரிதாக வளர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மாறியது அடுத்த இடத்தில், பிக் ஜப்பான். யோகோஹாமாவைச் சேர்ந்த நிறுவனம், 1995இல் தொடங்கியது. டியூப் லைட்டைத் தலையில் உடைப்பது, முள்கம்பியில் புரள்வது என்று ரத்தம் தெறிக்கும் டெத் மேட்ச்களுக்குப் பேர்போனது. அதற்குள்ளேயே அப்போது இன்னொரு கூட்டம் இருந்தது. டைசுகே செகிமோட்டோ, யூஜி ஒகபயாஷி மாதிரி பாறை போன்ற ஆட்கள், ஆயுதம் எதுவும் இல்லாமல் ஒருவர் நெஞ்சை ஒருவர் சிவக்கச் சிவக்க அறைந்துகொள்ளும் கூட்டம். அவர்களுக்கென்றே 2012இல் 'ஸ்ட்ராங் ஹெவிவெயிட்' பட்டம் உண்டாக்கினார்கள். அங்கே அப்பா பெயரை வைத்து நெஞ்சைக் காப்பாற்ற முடியாது. செகிமோட்டோவின் கை எல்லோர் மேலும் ஒரே மாதிரிதான் விழும்.

அங்கே அவர் வாங்கிய அடிதான் அவருடைய நாலரை வருஷம். உடம்பு தடித்தது. ஹிடெயோஷி கமிட்டானியோடு சேர்ந்து ஜோடிப் பட்டம், பிறகு அந்த ஸ்ட்ராங் ஹெவிவெயிட் பட்டமே அவர் இடுப்புக்கு வந்தது. அதற்குள் யாரும் "கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்ல முடியாத அளவுக்கு நெஞ்சு பழுத்திருந்தது. அப்பாவின் உதையையும், எதிராளியின் தலையைக் கக்கத்தில் இறுக்கித் தரையில் மோதவைக்கும் டிடிடியையும் அவர் விடவில்லை. மண்டியிட்டிருப்பவரை முட்டியால் தாக்கும் முட்டோவின் ஷைனிங் விசார்டையும் சேர்த்துக்கொண்டார். அப்பாவை மறைத்துவிட்டுத் தன் பாணியைத் தேட வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் எரிச்சல் மூட்டுகிறார்கள். அப்பா விட்டுப்போன சாமானைப் பிள்ளை எடுத்துப் புழங்கினால் என்ன தப்பு?

2023 பிப்ரவரி 21, டோக்கியோ டோம். முட்டோவின் கடைசி நாள். வயது 60, இரண்டு முட்டியும் செயற்கை, தொடைத் தசையும் கிழிந்திருந்தது. டெட்சுயா நைட்டோவோடு ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஹஷிமோட்டோவின் பாணியில் சாய்த்து வெட்டும் கெசாகிரி சாப்பைப் போட்டார். தொடர்ந்து அவருடைய டிடிடி. அரங்கம் உருகிப்போனது. எனக்கும் தொண்டை அடைத்தது. அது நல்ல டிடிடியா என்றால், சுமார்தான். யாரும் அதை அளந்து பார்க்கவில்லை. செத்துப்போன நண்பனை ஒரு நிமிஷம் கூட்டிவந்தார், போதும். அதே அடியை மகன் பல வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நாம் தராசை எடுத்துக்கொள்கிறோம்.

போன வாரம் அதே நண்பனுக்கு பிக் ஜப்பான் போட்டி ஒன்றை அனுப்பினேன். நெஞ்சு முழுக்கச் சிவந்து, மூச்சிரைக்க நின்று, திருப்பி உதைக்கிற டைச்சி. நண்பனுக்குப் பழையது ஞாபகம் இல்லை. "யாருடா இவன், செமையா உதைக்கிறான்" என்று கேட்டான்.

டைச்சி என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.