குப்பை வண்டியை நிறுத்தினால் வரி வந்துவிடுமா?

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்று விடாமல் சுற்றி வந்துவிட்டது. பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு அக்காவின் வீட்டு வாசலை மறித்து, வீட்டு வரி வசூலிக்க வந்தவர்கள் குப்பை வண்டியை நிறுத்தினார்கள். "வரி பாக்கி வைத்தால் இதுதான் கதி" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் படம் பிடித்தார். மடியில் முறத்தை வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. கதவைச் சாத்துவதா, வெளியே வருவதா என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காணொளிக்குக் கீழே நம் ஆட்கள் கைதட்டினார்கள். "சபாஷ்", "எல்லா ஊரிலும் இப்படிச் செய்ய வேண்டும்" என்று வரிசையாக வந்தன. வண்டியை நிறுத்தியவர்கள் மீது எனக்குக் கோபம். கைதட்டியவர்கள் மீது வருத்தம். அவர்களில் பாதிப் பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், சிலருக்குக் கணக்கு எழுதுகிறவனே நான்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரி கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேலூரில் மண்டிக்காரர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் வரிப் படிவம் தாக்கல் செய்து பிழைக்கிறவன் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் இத்தனை காலம் இந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரியும். பயந்து கட்டுகிறவன் கண்ணில் படுகிற கணக்குக்கு மட்டும் கட்டுவான். நம்பிக் கட்டுகிறவன் யாரும் கேட்காத கணக்கையும் கொண்டுவந்து வைப்பான். அவமானப்படுத்தி வசூலித்தால் ஒரு முறை பணம் வரும், அடுத்த அரையாண்டில் அதே வாசலில் மறுபடி நிற்க வேண்டியிருக்கும்.

அந்த அக்காவின் பாக்கி என்ன பாக்கி என்று கைதட்டியவர்களில் ஒருவராவது கேட்டீர்களா? நான் போய்க் கேட்டேன். ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். குடும்ப அட்டை நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், மின் கட்டண அட்டை, அவற்றோடு வீட்டு வரி ரசீதுகள். வரிவிதிப்பு எண் இன்னும் இறந்துபோன கணவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டும் அந்தப் பையில் இருக்கிறது. கேட்பு அறிவிப்பில் நிலுவை என்று காட்டியிருக்கும் அரையாண்டுகளில் இரண்டுக்குக் கையால் எழுதிய ரசீது இருக்கிறது. முத்திரை மங்கியிருக்கிறது, தொகையும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. பில் கலெக்டர் கையில் பணத்தைக் கொடுத்திருக்கிறார், அது கணினியில் ஏறவில்லை. ஏறாதது யாருடைய குற்றம்? மீதிப் பாக்கி உண்மையான பாக்கிதான், நான் மறைக்கவில்லை. அதைத் தவணையில் கட்டுகிறேன் என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு வந்தது குப்பை வண்டி.

இந்தக் கணக்குக் குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. 2018இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அது பின்னால் வரும் வரியில் சரிக்கட்டப்படும் என்றார்கள். பிறகு 2022 ஏப்ரலில் மறுபடி உயர்வு வந்தது. சென்னையை விட்டுவிட்டு மற்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். பரப்பளவு பார்த்து ஏற்றியது நியாயம்தான். ஆனால் 2018இல் சொன்னவுடன் ஓடிப்போய்க் கட்டியவர்களின் கதி என்ன? கட்டாமல் உட்கார்ந்திருந்தவர் தப்பித்தார். கட்டியவர் தன் பணம் எந்த அரையாண்டில் கழிந்தது என்று இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார். ஒழுங்காகக் கட்டியவரை ஏமாந்தவராக உணரவைத்துவிட்டு அடுத்த முறை அவர் முதல் ஆளாக வந்து நிற்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

எங்கள் நைனா வெல்ல மண்டி வைத்திருந்தார். ரசீது எதையும் தூக்கி எறியமாட்டார். சுவரில் தொங்கிய கம்பியில் ஒவ்வொன்றாகக் குத்தி வைப்பார். கம்பி நிறைந்துவிட்டால் சணல் கயிற்றால் கட்டிப் பரணில் போடுவார். விற்பனை வரிக் காலம் அது, மதிப்புக் கூட்டு வரி 2007இல்தான் வந்தது. எல்லையோரச் சோதனைச் சாவடி ஒன்றில் லாரியை மடக்கி, காகிதம் எல்லாம் சரியாக இருந்தும், விடியும்வரை நிற்க வைத்தார்கள். நைனாவைக் கூப்பிட்டுப் பத்துப் பேர் முன்னால் "திருட்டுச் சரக்குதானே?" என்று கேட்டார் ஒருவர். அவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அபராதம் எதுவும் போடவில்லை, போடுவதற்குக் காரணமும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. அதன்பிறகும் அவர் வரி கட்டினார், ஒரு பைசா குறைக்கவில்லை. அது அவர் குணம். ஆனால் "நம் அரசாங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "அவர்கள்" என்று சொல்ல ஆரம்பித்தார். நைனா குணத்தால் கட்டினார். எல்லோருக்கும் அந்தக் குணம் இருக்கும் என்று நம்பி ஒரு ஊரை நடத்த முடியுமா?

நான் பாசத்தில் பேசுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சரி, படித்தவர்கள் சொன்னதையும் பாருங்கள். வரி கட்டும் மனநிலையை ஆராய்ந்த வியன்னா உளவியலாளர் எரிக் கிர்க்லர் 2008இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இரண்டு வழிகளைச் சொன்னார். அதிகாரத்துக்குப் பயந்து கட்டுவது ஒன்று, நம்பி மனமுவந்து கட்டுவது இன்னொன்று. அதிகாரத்தைத் தப்பான இடத்தில் காட்டினால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1990களில், "உங்கள் கணக்கை நெருக்கமாக ஆராயப் போகிறோம்" என்று ஒரு பகுதியினருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். குறைந்த வருமானக்காரரும் நடுத்தரக்காரரும் பயந்து கூடுதல் வருமானம் காட்டினார்கள். அதிக வருமானக்காரர்கள் முன்பைவிடக் குறைத்துக் காட்டினார்கள்! மிரட்டல் யார்மீது வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கத்தரிக்கோலோடு நிற்பவர்மீதுதான்.

"கண்டிப்பு இல்லாமல் விட்டால் ஒருவனும் கட்டமாட்டான்" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். மாதச் சம்பளக்காரர் ஏன் ஒழுங்காக வருமான வரி கட்டுகிறார்? எல்லோரும் உத்தமர்கள் என்பதால் அல்ல, சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுகிறார்கள். டென்மார்க்கில் 40,000க்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. முதலாளியோ வங்கியோ தகவல் தரும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறக்குறைய இல்லை, தானே சொல்லிக்கொள்ளும் வருமானத்தில்தான் அதிகம். ஆகவே கண்டிப்பு தேவை. ஆனால் அங்கே கண்டிப்பு என்பது கணக்கைச் சரியாக வைத்திருப்பது. யார் வாசலிலும் வண்டி நிறுத்துவது அல்ல. நம்மிடம் அந்தக் கணக்கே சரியில்லை என்பதுதான் என் புகார்.

"சட்டம் எல்லோருக்கும் சமம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சமமாகத்தான் இருக்கிறதா? பெரிய கட்டடம் வைத்திருப்பவருக்கு வரி பாக்கி என்பது கடன் வாங்குகிற மாதிரி. தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி. வெளியில் வட்டிக்கு வாங்கினால் மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று. எனவே "கடைசியில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்" என்று என்னிடமே கணக்குப் போட்டுக் காட்டியவர் உண்டு. கையில் பணம் இருந்தும் கட்டாதவர் அவர். அவர் வாசலில் என்ன நிறுத்தினார்கள்? ஒன்றும் இல்லை. ஜப்திக்குச் சட்டம் இடம் தருகிறது, அதை அங்கே பயன்படுத்துங்கள், நானே வந்து கைதட்டுகிறேன். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். நல்ல திட்டம். நம் தெருவில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பாக்கிக்காரர் பெயரை ஊரறியச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கலாமே.

"அவ்வளவு இரக்கம் இருந்தால் நீயே கட்டிவிடு" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் யாரும் பேசவில்லை. அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் யார்? நம் தெருவைத் தினம் பெருக்குகிற இரண்டு பெண்கள். அவர்கள் வேலை செய்யும் வண்டியை ஒரு வாசலில் நிறுத்தினால் அந்த வீட்டுக்குக் கேவலம் என்றால், தினமும் அதைத் தொட்டு வேலை செய்கிறவர்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. காணொளியில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். அந்த அக்கா தினமும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர். வரி என்று நாம் கட்டுவதில் அவர்கள் சம்பளமும் அடங்கியிருக்கிறது. அவர்களையே தண்டனைக் கருவியாக்கிவிட்டார்கள்.

நம்பிக்கை எங்கிருந்து வரும்? 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நம் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. கேள்வி கேட்க ஆளில்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் வரி மட்டும் கட்டினோம். ஆள் வந்த சில வாரங்களில் வரி உயர்வும் வந்தது. அதே 2022இல் வேலூரில் நடந்ததை நாடே பார்த்தது. நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் சாலை போட்டார்கள். அடிபம்பைப் பிடுங்காமல் அதைச் சுற்றியே கால்வாய் கட்டினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த சிமென்டில் யாரோ ஒருவர் பீடி சுற்றிச் சேர்த்த பணமும் இருந்திருக்கும். அதற்காக யார் வாசலில் யார் வண்டி நிறுத்துவது?

கைதட்டிய நண்பர்களே, உங்களில் ஒருவர் போன வருடம் நிலுவை அறிவிப்பு வந்தபோது இரவு என்னைக் கூப்பிட்டீர்கள். "கட்டிவிட்டேனே, திருடன் மாதிரி எழுதியிருக்கிறார்களே" என்று குரல் உடைந்து பேசினீர்கள். உங்களுக்கு வலித்தது அந்த அக்காவுக்கு வலிக்காதா? பெயரைச் சொல்லமாட்டேன். படித்தால் உங்களுக்கே தெரியும்.

வரும் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த அக்காவுடன் அலுவலகத்துக்குப் போகிறேன். இரண்டு அரையாண்டு ரசீதைக் கணக்கில் ஏற்ற வேண்டும், பெயர் மாற்ற மனு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும், மீதிக்குத் தவணை தர வேண்டும். இந்த மூன்றும்தான் மனுவில் இருக்கின்றன. இதே சிக்கல் உள்ளவர்கள் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். நகல் மட்டும் கொடுங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரவும் வேண்டாம்.