கந்தலுடைச் சிப்பாய்

ஸ்டீபன் கிரேன் எழுதி 1895இல் வெளிவந்த ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ நாவலை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயந்து ஓடிய இளைஞன் ஒருவன் மறுநாள் கொடியேந்தி வீரனாகும் கதை என்றே இதைப் பலரும் சொல்கிறார்கள். அந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

ஹென்றி பிளெமிங் ஒரு பண்ணை வீட்டுப் பையன். தாய் தடுத்தும் கேளாமல் படையில் சேர்கிறான். உணர்ச்சி பொங்கும் விடைகொடுப்பை எதிர்பார்த்து நிற்கிற அவனிடம், அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடியே காலுறைகளையும் சட்டைகளையும் பற்றிப் பேசுகிறாள். கிரேனின் யதார்த்தம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1871இல் பிறந்தவர் அவர்; இதை எழுதியபோது எந்தப் போர்க்களத்தையும் கண்டிருக்கவில்லை. பழைய படைவீரர்கள் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, செய்ததையெல்லாம் சொல்கிறவர்கள் தங்களுக்குள் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லவில்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதாக நண்பர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் குறையைத்தான் நாவல் நிரப்புகிறது. இரண்டாவது தாக்குதலில் ஓடிப்போன ஹென்றியின் மனம் உடனே நியாயம் தேடுகிறது. பைன் காயை எறிந்ததும் அணில் ஓடுவதைப் பார்த்து, தப்பியோடுவது இயற்கையின் விதியே என்று தேறுகிறான்; சற்றுத் தொலைவு போனதும், மரத்தில் சாய்ந்தபடி முகத்தில் எறும்பு ஊரும் பிணமொன்று அவனை எதிர்கொள்கிறது.

ஆனால் எனக்கு நாவலின் மையம் அதற்குப் பின்னால் வரும் கந்தலுடைச் சிப்பாய்தான். தலையிலும் கையிலும் காயம்பட்ட அவர், காயமே இல்லாத ஹென்றியிடம் “உனக்கு எங்கே அடிபட்டது?” என்று மிகுந்த பரிவோடு கேட்கிறார். ஹென்றியின் படைத் தோழன் ஜிம் காங்க்ளின் கண்ணெதிரே துடித்துச் சாகும்போதும் உடன் நிற்கிறார். பிறகு அவருக்கே நினைவு தடுமாறத் தொடங்கும்போது, அந்தக் கேள்வியைத் தாங்க முடியாத ஹென்றி அவரை வயல்வெளியில் தனியே விட்டுப் போய்விடுகிறான். ஓடியதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

ஓடிவரும் சொந்தப் படையினன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் ஹென்றியின் தலையில் காயம் உண்டாகிறது. அதைக் குண்டுக்காயம் என்று நம்பி, தன் போர்வையையே கொடுத்துப் பணிவிடை செய்யும் சக சிப்பாய் வில்சனிடம் அவன் உண்மையைச் சொல்வதில்லை. மறுநாள் அவன் காட்டும் துணிச்சல் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அந்தத் துணிச்சலோடு, யாருக்கும் தெரியாத வரையில் தான் செய்தது குற்றமாகாது என்ற எண்ணமும் சேர்ந்தே வளர்வதை மறைக்காமல் எழுதியதில்தான் கிரேனின் நேர்மை இருக்கிறது. இறுதியில் அவன் ஆண்மகனாகிவிட்டான் என்று நாவல் சொல்கிறது. ஆனால் வெற்றிக் களிப்போடு நடக்கும்போதும் கந்தலுடைக்காரரின் நினைவு அவனைத் துரத்துவதையும் அதே பக்கங்கள் காட்டுகின்றன.

‘தி வெட்டரன்’ என்ற சிறுகதையில் கிரேன் கிழவனான ஹென்றியை 1896இல் மீண்டும் கொண்டுவந்தார். ஊரார் கூடிய மளிகைக்கடையில், பேரன் கேட்டுக்கொண்டிருக்க, உள்நாட்டுப் போரின் சான்சலர்ஸ்வில் சண்டையில் தான் பயந்து ஓடியதை அவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். ஜிம் காங்க்ளினையும் நினைவுகூர்கிறார். வயலில் விட்டு வந்தவரைப் பற்றி மட்டும் அங்கும் ஒரு சொல் இல்லை.